வாயில்

பெயர் வேதகிரி. வேலை, கேட்டைத் திறப்பது.
கடலூர் சிப்காட்டில்
உப்பனாற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்
ஒரு பெயின்ட் கம்பெனியின் இரண்டாம் நம்பர் கேட்.
பதினோரு வருஷம். பெரும்பாலும் நைட் ஷிப்ட்.
நீலச் சட்டை என்றால் உள்ளே.
மஞ்சள் அட்டை என்றால் உள்ளே.
லாரி என்றால் சீட்டைப் பார்க்க வேண்டும்.
சீட்டைத்தான். லாரியை அல்ல.

நிறைமதிக்கு மூன்றரை வயது.
சுவரைச் சுரண்டித் தின்கிறாள் என்று
இருசம்மாள் சொன்னபோது சிரித்தேன்,
நானும் சாம்பல் தின்று வளர்ந்தவன்தானே.
பிறகு வயிற்று வலி வந்தது.
பிறகு நாலு படி ஏறினால் மூச்சு.
பிறகு, பேசிப் பழகிய சொற்களில் சிலதைக் காணவில்லை.
துறைமுகம் பக்கம் போனால் "கப்பல்" என்று கத்துகிறவள்
இப்போது கையை மட்டும் நீட்டுகிறாள்.

புதுச்சேரியில் ரத்தம் எடுத்தார்கள்.
ஈயம் என்றார்கள். ஒரு எண்ணும் சொன்னார்கள்.
அதை இங்கே எழுத மாட்டேன்,
எழுதினால் அவள் வயதைப் போல ஒட்டிக்கொள்ளும்.

லேப்பில் இருந்த பெண், கோட்டில் பிலோமின் என்று பெயர்,
ரிப்போர்ட்டின் பின்பக்கம் பேனாவால் வரைந்தாள்.
குடலின் உட்சுவர் வழவழப்பானது இல்லையாம்.
தேங்காய்ப்பூத் துவாலை மாதிரி
விரல் விரலாய் எழுந்து நிற்குமாம்.
ஒவ்வொரு விரலிலும் எண்ணி மாளாத கதவுகள்.
இரும்புக்கென்று ஒரு கதவு.
அதில் நிற்கிறவனுக்குக் கண் கிடையாது.
தடவிப் பார்ப்பான்:
உருவம் ஏறக்குறைய சரியா, மின்னேற்றம் இரண்டா,
சரி, போ.
ஈயம் அந்த இரண்டைக் காட்டுகிறது.
காட்மியமும் அதையேதான் காட்டுகிறது.

நீலச் சட்டை. மஞ்சள் அட்டை.
எனக்கு எச்சில் இறங்கவில்லை.

"பாதரசம்?" என்றேன், பேச்சை மாற்ற.
உலோகமாக உருண்டு வந்தால்
பெரும்பாலும் உருண்டே வெளியே போய்விடுமாம்.
மீனுக்குள்ளிருந்து மெத்தில் பூசிக்கொண்டு வந்தால்
புரதத்தின் துணுக்கு ஒன்றைத் தோளில் சாய்த்து
உறவுக்காரன் போல நுழையும்.
பித்தம் அதைக் குடலுக்கே திருப்பித் தள்ளினாலும்
குடல் மறுபடி வாங்கிக்கொள்ளும்.
கல்யாண வீட்டில்
இரண்டு பந்தியிலும் உட்காருகிற ஆள்.

சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
இரும்பு குறைந்தால் உடம்பு கதவுகளைக் கூட்டும்.
பசித்த வீடு அகலத் திறந்து வைக்கும்,
வருகிறவர் யார் என்று கேட்கிற நிலையில் இருக்காது.
பெரியவர்கள் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒன்று உள்ளே போனால்
பிள்ளைகளிடம் பாதி போகும்.
வெறும் வயிறு என்றால் இன்னும் கூட.

காலை ஆறரைக்கு வீட்டுக்குப் போவேன்.
அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள்.
சட்டையைக் கழற்றும் முன்பே மேலே ஏறுவாள்.
காலர் நுனியைச் சப்புவாள்.

அந்தச் சுவரில் நிற்கிற செல்களுக்கு
ஆயுள் ஐந்து நாள்தானாம்.
சிலது, பிடித்த காட்மியத்தை விடாமல்
மடியில் வைத்துக்கொண்டே உதிர்ந்து
மலத்தோடு போய்விடுமாம்.
ஐந்து நாள். நான் பதினோரு வருஷமாக
அதே பிளாஸ்டிக் நாற்காலியில்.

இப்போது கேட் அறையிலேயே குளித்து, சட்டையை மாற்றுகிறேன்.
சுவரை ஈரத்துணியால் துடைத்து அட்டை ஒட்டியாயிற்று.
விடிந்ததும் அவளுக்கு ஏதாவது ஊட்டிவிடுகிறாள் இருசம்மாள்.
முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஒரு மூடி எலுமிச்சை,
டாக்டர் எழுதிய சொட்டு மருந்து.
கதவுகளில் நம் ஆட்கள் முந்தி நிற்கட்டும்.
எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டதை
யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று ராத்திரி இரண்டே காலுக்கு ஒரு டேங்கர்.
சீட்டில் "கழுவிய தண்ணீர்" என்று இருக்கிறது.
சென்ற வாரமும் அதே கையெழுத்து, அதே சீல்.
வெளியே போக வேண்டும், திறக்க வேண்டும், அவ்வளவுதான்.
டிரைவர் ஹார்ன் அடிக்கிறான்.
சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு
டார்ச்சோடு லாரியின் பின்பக்கம் நடக்கிறேன்.
மறுபடி ஹார்ன்.
மூடியில் கை வைக்கிறேன்.
சூடாக இருக்கிறது.